ராணுவத்துக்கு மனித உரிமை வகுப்பு எடுத்தால் ஏதாவது மாறுமா?

கேள்வி: "என் தம்பி ராணுவத்தில் சேர்ந்து இப்போது பயிற்சியில் இருக்கிறான். அங்கே மனித உரிமை பற்றியும் வகுப்பு எடுக்கிறார்களாம். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுகிறோம், அவ்வளவுதான் என்கிறான். இப்படி வகுப்பு எடுப்பதால் ஒரு ராணுவம் மாறுமா, இல்லை இது வெறும் கண்துடைப்பா?"

மாறும். ஆனால் வகுப்பால் மட்டும் மாறாது. எந்த ராணுவத்திலும் ஒரு சிப்பாய் இரண்டு பாடங்களைப் படிக்கிறான். ஒன்று, வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித் தருவது. இன்னொன்று, யாருக்குப் பதக்கம் கிடைக்கிறது, யாருக்கு லீவு கிடைக்கிறது, யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்து அவனே தெரிந்துகொள்வது. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. முரண்பட்டால் இரண்டாவதுதான் அவன் மனதில் நிற்கும்.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் உங்கள் கேள்விக்கு அது போதாது. அதனால் கொலம்பியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாட்டின் விசாரணை அறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க மனம் கனக்கும். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இத்தனை நேரடியாகப் பதில் சொல்லும் வேறொரு நாடு எனக்குத் தெரியவில்லை.

கொலம்பியாவில் 1964 முதல் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் ஃபார்க், ஈ.எல்.என். போன்ற கெரில்லா இயக்கங்கள், மறுபக்கம் அரசு, இடையில் வலதுசாரி ஆயுதக் குழுக்கள். மனித உரிமை என்றால் என்னவென்றே கேள்விப்படாத ராணுவம் அல்ல அது. 1990-களிலேயே படைப்பிரிவுகளில் மனித உரிமை அலுவலகங்கள் வந்துவிட்டன. செஞ்சிலுவைக் குழு வந்து போர்ச் சட்டம் பற்றி வகுப்பு எடுத்தது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகள் இரண்டிலும் கொலம்பியா சேர்ந்திருந்தது. கடுமையான மனித உரிமை மீறல் வழக்குகள் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1997-லேயே தீர்ப்பு சொல்லியிருந்தது.

அமெரிக்காவின் கையும் இதில் உண்டு. 2000-இல் தொடங்கிய 'பிளான் கொலம்பியா' திட்டத்தில் கோடிக்கணக்கான டாலர் ராணுவ உதவி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கடுமையான மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுக்கு அமெரிக்கப் பணமோ பயிற்சியோ போகக் கூடாது என்று லேஹி சட்டம் சொல்கிறது. கொலம்பிய அதிகாரிகள் பலர் படித்தது அமெரிக்காவின் 'ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்' பள்ளியில். 1980-களில் அங்கே பயன்பட்ட கையேடுகளில் சித்திரவதையையும் கொலையையும் நியாயப்படுத்தும் பகுதிகள் இருந்ததை 1996-இல் பென்டகனே வெளியிட்டது. பெரிய கூச்சல் எழுந்து, 2001-இல் பள்ளி புதிய பெயரில் திறந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது 8 மணி நேரம் மனித உரிமைப் பாடம் கட்டாயம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஆக வகுப்புக்கோ புத்தகத்துக்கோ அங்கே பஞ்சமில்லை.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம்.

2002-இல் அல்வாரோ உரிபே ஜனாதிபதியானார். கெரில்லாக்களை ஒடுக்கிக் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்து வந்தவர். ராணுவம் ஜெயிக்கிறது என்பதை நாட்டுக்குக் காட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. சண்டையில் விழுந்த எதிரிப் பிணங்களின் எண்ணிக்கைதான் அந்தக் கணக்கு. எந்தப் பட்டாலியன் எத்தனை பேரைக் கொன்றது என்று ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை குறைந்த கமாண்டர் மேலிடத்தில் பேச்சு வாங்கினார். 2005 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் 29-ஆம் எண் உத்தரவை ரகசியமாகப் போட்டது. ஆயுதக் குழுக்களின் ஆட்களைப் பிடிக்கவோ கொல்லவோ உதவினால் வெகுமதி, யாருக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியலோடு. தலைவர்களுக்குப் பெரிய தொகை, கீழ்மட்ட ஆட்களுக்குச் சிறிய தொகை. அதற்கு மேல் லீவு, பதக்கம், வெளிநாட்டுப் பயிற்சி என்று பட்டாலியன்களுக்குள் வேறு பரிசுகளும் இருந்தன.

பிணத்துக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கெரில்லா கிடைக்காத ஊரில் கெரில்லாவைத் தயாரித்தார்கள்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவின் தெற்கு ஓரத்தில் சோவாச்சா என்றொரு ஊர். போரால் இடம்பெயர்ந்து வந்தவர்கள், அன்றாடம் கூலிக்குப் போனால்தான் சாப்பாடு என்றிருப்பவர்கள் வாழும் பகுதி. 2008-இன் தொடக்கத்திலிருந்து அங்கே இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். வடக்கே தோட்டத்தில் வேலை இருக்கிறது, நல்ல கூலி என்று ஆள்பிடிப்பவர்கள் கூட்டிப்போனார்கள். அந்த ஆள்பிடிப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சிப்பாய்களே காசு கொடுத்திருக்கிறார்கள். சில நாட்களுக்குள் 600 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒகான்யா என்ற ஊர்ப் பக்கம், "சண்டையில் கொல்லப்பட்ட கெரில்லாக்கள்" என்று அதே இளைஞர்களின் உடல்கள் கணக்கில் ஏறின. அவர்களில் ஒருவருக்கு வயது 26. பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு, எழுதப் படிக்கத் தெரியாது, வலது கை சரியாக வேலை செய்யாது. உடலின் வலது கையில்தான் துப்பாக்கி இருந்தது. ஆயுதக் குழுவின் தலைவன் என்று அவரைப் பற்றி அறிக்கை எழுதினார்கள்.

சட்டத்துக்குப் புறம்பான கொலைகளை ஆராயும் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 2009 ஜூனில் கொலம்பியா போனார். அவர் பட்டியலிட்டவற்றைப் படித்தால் வயிற்றைப் பிசையும். காலை விட நான்கு அளவு பெரிய பூட்ஸ் போட்ட பிணங்கள், கழுத்தின் பின்புறம் ஒரே ஒரு குண்டுக் காயம், இடது கைக்காரர்களின் வலது கையில் துப்பாக்கி. அரசே கொள்கையாக வைத்துச் செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். ஆனால் எங்கோ ஓரிருவர் செய்த தப்பு என்று ஒதுக்கவும் முடியாது, நாடு முழுக்கப் பல படைப்பிரிவுகளில் நடந்திருக்கிறது என்றும் சொன்னார்.

எத்தனை பேர்? 2016 சமாதான ஒப்பந்தத்தின்படி அமைந்த ஜே.இ.பி. என்கிற சமாதானத்துக்கான சிறப்பு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒரு எண்ணிக்கையைச் சொன்னது: 2002 முதல் 2008 வரை மட்டும் 6,402 பேர்.

பயிற்சி பற்றிக் கேட்ட உங்களிடம் ஒரு சொல்லைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டு முகாம்களில் இந்தக் கொலைகளைச் சரிக்கட்டும் வேலைக்கு வைத்திருந்த பெயர் 'லெகலிசார்'. சட்டப்படியாக்குவது என்று பொருள். பிணத்தின் பக்கத்தில் வைக்க ஒரு பழைய துப்பாக்கி, கையெறி குண்டு, வயர்லெஸ் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை சில படைப்பிரிவுகளில் தயாராகவே இருந்தது. அதை 'சட்டப்படியாக்கும் கிட்' என்பார்கள். சண்டைக்கான உத்தரவைப் பிறகு உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதுவார்கள். சண்டையில் ஒருவன் இறந்தால் அது சட்டப்படி சரி என்று காட்ட என்னென்ன தாள் வேண்டும், என்னென்ன பொருள் கிடக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு பயிற்சியிலிருந்தும் சட்ட அதிகாரிகளிடமிருந்தும் வந்ததுதான். சட்டத்தை மதிக்கக் கற்றுத் தராமல் சட்டத்தை மட்டும் கற்றுத் தந்தால், சட்டமே கொலைக்கு உறை போல ஆகிவிடுகிறது. இதைப் படித்த பிறகு எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை. மனித உரிமை வகுப்பு என்ற சொல்லை அதற்கு முன்பு போல லேசாகக் கேட்க முடியவில்லை.

சரி, எதுவுமே பயன் தரவில்லையா என்றால், அப்படியும் இல்லை. அதற்குத்தான் அடுத்து நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2007 நவம்பரில் ராணுவத் தலைமை ஒரு புதிய உத்தரவு போட்டது. ஒரு படைப்பிரிவின் சாதனையை அளக்கும்போது, தானாகச் சரணடைந்தவர்கள் முதலில், பிடிபட்டவர்கள் அடுத்து, கொல்லப்பட்டவர்கள் கடைசியில் என்று வரிசையையே தலைகீழாக்கியது. 2008 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் மனித உரிமைக்கென முழுக் கொள்கையையே வெளியிட்டது. நல்ல உத்தரவு, நல்ல கொள்கை. ஆனால் சோவாச்சா இளைஞர்களைக் கூட்டிப்போய்க் கொன்றது அதே 2008 ஜனவரியிலிருந்துதான்! உத்தரவு தலைநகரத்தில் இருந்தது. பட்டாலியனில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருந்தது.

எப்போது நின்றது? கொல்லப்பட்ட சோவாச்சா இளைஞர்களின் தாய்மார்கள் விடாமல் அலைந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு 2008 அக்டோபர் கடைசியில் 3 ஜெனரல்கள் உட்பட 27 ராணுவத்தினரை அரசு ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வாரமே ராணுவத் தளபதி மரியோ மொந்தோயா பதவி விலகினார். அதற்குப் பிறகு இந்த வகைக் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆல்ஸ்டனும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஜெனரலுக்கே வேலை போகும் என்று தெரிந்த அன்றுதான் கடைசிச் சிப்பாய்க்கும் அந்தப் பாடம் புரிந்தது.

பயிற்சிக்கு உயிர் வந்ததும் இதற்குப் பிறகுதான். 2009-இல் ராணுவம் ஒரு செயற்பாட்டுச் சட்டக் கையேடு கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் சிவப்பு அட்டை, நீல அட்டை. எதிரி ஆயுதக் குழுவோடு நேரடிச் சண்டை என்று முன்கூட்டியே தீர்மானித்த நடவடிக்கை என்றால் சிவப்பு அட்டை. போர் விதிகள் பொருந்தும். மற்ற எல்லா நேரத்திலும், அதாவது ரோந்து, சாலைச் சோதனை, ஊர்ப் பாதுகாப்பு என்றால் நீல அட்டை. சுடுவது கடைசி வழி, அதுவும் உயிரைக் காக்க மட்டும். கிளம்பும் முன்பே சிப்பாய்க்கு இன்று எந்த அட்டை என்று தெரிந்துவிடும். பக்கம் பக்கமாக ஒப்பந்தங்களைப் படிக்கவைப்பதை விட இந்த ஒரு அட்டை பெரிய வேலை செய்யும். பயமும் களைப்பும் இருக்கும்போது மனிதன் யோசித்துப் பார்த்துச் செய்வதில்லை, பழகியதைத்தான் செய்வான். அதனால் பழக்கமாகவே கற்றுத்தர வேண்டும்.

போர்ச் சட்டம் சிப்பாய்களின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று செஞ்சிலுவைக் குழு 2004-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. பல நாடுகளில் சண்டை போட்டவர்களையே கேட்டு எழுதியது. விதி தெரிந்திருப்பதும், விதி சரியென்று ஒப்புக்கொள்வதும் மட்டும் போதாது, அவற்றால் நடத்தை தானாக மாறிவிடாது என்றுதான் அது முடிவுக்கு வந்தது. திட்டவட்டமான உத்தரவும், மீறினால் நிச்சயமான தண்டனையும், பயிற்சியின் ஒவ்வொரு பகுதியிலும் அந்த விதி கலந்திருப்பதும்தான் வேலை செய்கின்றன. ஒரு வெளியாள், வழக்கறிஞர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் அது தனிப் பாடம். துப்பாக்கி சுடும் பயிற்சியில், ஓடிவரும் உருவம் ஒரு பெண்ணா, ஆயுதம் வைத்திருப்பவனா என்று ஒரு நொடியில் பார்த்துச் சுடாமல் நிறுத்தப் பழக்கினால் அது கலந்த பாடம். அதைச் சொல்லித் தருபவர் அவனுடைய சொந்த ஹவில்தாராகவும் சுபேதாராகவும் இருந்தால் இன்னும் நல்லது. சிப்பாய் யார் முகத்தைப் பார்த்து வளர்கிறானோ அவர் வாயிலிருந்து வந்தால்தான் அவனுக்கு அது ராணுவத்தின் பேச்சு.

ஆனால் கணக்கு திரும்ப மாறினால் இத்தனையும் ஆட்டம் கண்டுவிடும். கொலம்பியாவிலேயே 2019-இல் புதிய தளபதி, படைப்பிரிவுகளின் கொலை, கைது எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று கமாண்டர்களிடம் கையெழுத்து வாங்கினார். நியூயார்க் டைம்ஸ் அதை மே மாதம் வெளியிட்டது. பழைய நாட்கள் திரும்புமோ என்று பயந்து அந்தப் பத்திரிகையிடம் பேசியவர்கள் ராணுவ அதிகாரிகளே. செய்தி வந்ததும் உத்தரவில் மாற்றம் செய்தார்கள். பத்து வருடப் பயிற்சியின் பலன் எங்கே தெரிந்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த அதிகாரிகளைத்தான் காட்டுவேன். கெட்ட உத்தரவு வந்ததைப் பயிற்சியால் தடுக்க முடியவில்லை. ஆனால் இது கெட்ட உத்தரவு என்று அடையாளம் காணவும் வெளியே சொல்லவும் சிலரைத் தயார் செய்திருந்தது.

2008-இல் அப்படிச் சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரிய வேண்டும். ஒகான்யா பக்கத்துப் படைப்பிரிவில் உளவு வேலையில் இருந்த கீழ்நிலை வீரர் ஒருவர் இதெல்லாம் பொய்ச் சண்டை என்று புகார் சொன்னார். மிரட்டல்தான் பதிலாகக் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பத்து பேர் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த வகுப்பு அவர்களை வாய் திறக்க வைக்கும்?

நம் நாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். இந்திய ராணுவம் 1993 மார்ச்சில், தேசிய மனித உரிமை ஆணையம் வருவதற்கு முன்பே, தலைமையகத்தில் மனித உரிமைப் பிரிவு தொடங்கியது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று 1997 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு, செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று ராணுவமே வைத்திருந்த பட்டியலைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் தம்பி மனப்பாடம் செய்வதில் இந்தப் பட்டியலும் இருக்கும் என்று நினைக்கிறேன். கைது செய்தவரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், சித்திரவதை கூடாது, தேவைக்கு மேல் பலம் கூடாது என்றெல்லாம் அதில் வரும். நல்ல பட்டியல் அது. முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் 2010 ஏப்ரலில் காஷ்மீரின் மச்சில் பகுதியில் நடந்ததைப் படித்தால் சோவாச்சா ஞாபகம் வராமல் இருக்காது. பாரமுல்லா மாவட்டத்து இளைஞர்கள் மூவரை வேலை வாங்கித் தருகிறோம் என்று எல்லைக்குக் கூட்டிப்போய்க் கொன்று, ஊடுருவ வந்தவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். ராணுவ நீதிமன்றம் 5 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அப்படி ஒரு தண்டனை வந்தது பெரிய விஷயம். 2017-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது. 2020 ஜூலையில் ஷோப்பியான் அருகே அம்ஷிபோராவில் கூலி வேலைக்குப் போன 3 பேர் கொல்லப்பட்ட வழக்கிலும் கேப்டன் ஒருவருக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, பிறகு தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. சட்ட நுணுக்கங்கள் எப்படி இருந்தாலும், கீழே நின்று பார்க்கும் சிப்பாய் இதிலிருந்து என்ன பாடம் படிக்கிறான் என்பதுதான் என் கவலை. ராணுவத்தினர் மீதான புகாரைத் தேசிய மனித உரிமை ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது, மத்திய அரசிடம் அறிக்கை கேட்கத்தான் முடியும். சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும். இவையும் அந்தப் பாடத்தின் பகுதிகளே.

கொலம்பியாவில் 2022 ஏப்ரலில் ஒகான்யாவிலேயே, செத்தவர்களின் குடும்பங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, 10 ராணுவத்தினரும் ஒரு சாதாரண ஆளும் தாங்கள் செய்ததைத் தங்கள் வாயால் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒரு ஜெனரலும் இருந்தார். உங்கள் மகன் கெரில்லா இல்லை, அப்பாவி, நாங்கள்தான் கொன்றோம் என்று தாய்மார்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் மரியோ மொந்தோயா மீதும் ஜே.இ.பி. குற்றம் சுமத்தியது; அவர் மறுக்கிறார். நான் ஒரு ராணுவப் பள்ளிக்குப் பாடத்திட்டம் எழுதுவதாக இருந்தால், அந்த ஒகான்யா விசாரணையின் பதிவைத்தான் முதல் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். விதிகளை அப்புறம் சொல்லித் தரலாம்.

அதனால் தம்பி மனப்பாடம் செய்வதைக் குறைவாக நினைக்காதீர்கள், நன்றாகவே செய்யட்டும். லீவில் வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் உட்காரவைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். உன் யூனிட்டில் போன வருடம் யாருக்கு எதற்காகப் பாராட்டுக் கிடைத்தது? உன் மேலதிகாரி தப்பான ஒன்றைச் செய்யச் சொன்னால் அவரைத் தாண்டி யாரிடம் போய்ச் சொல்வாய்? இரண்டாவது கேள்விக்கு அவன் யோசிக்காமல் ஒரு பதவியைச் சொல்லி, அவரிடம் எப்படிப் போவது என்றும் சொன்னால், அவனுக்கு வகுப்பு எடுத்தவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால், அவன் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்த வகுப்பு இன்னும் நடக்கவில்லை.